மலாய் பேசும்போது நடுங்காத நாக்கு, ஆங்கிலம் என்றதும் ஏன் நடுங்குகிறது?

பினாங்கில் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு உயிரியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி, அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு. பல்கலைக்கழகம் போகிறவர்கள் எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் 4. ஆங்கிலத்தில் ஆய்வக அறிக்கை எழுதினால் நல்ல மதிப்பெண் வருகிறது. ஆனால் டுடோரியலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, தெரிந்த சொல்கூட மறந்துபோகிறது. இந்தப் பருவத்தில் விருப்பப் பாடமாக ஜப்பானிய மொழியையும் எடுத்திருக்கிறார். அதில் 12-ஆவது வாரம் வாய்மொழித் தேர்வு. "எனக்கு மட்டும் ஏன் இப்படி? மொழி படிக்கிற மூளையே எனக்கு இல்லையா? ஜப்பானிய வகுப்பை விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

தங்கை, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விடாதீர்கள். இந்தத் தீவில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பருவமும் என் வகுப்புக்கு வருகிறார்கள். நானும் நிபோங் திபால் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவள்தான். அதனால் இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை.

மொழி மூளை இல்லையா என்று கேட்கிறீர்கள். படிவம் ஒன்றுக்குப் போன முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தமிழில் கேட்ட காதுக்குத் திடீரென்று சுற்றிலும் மலாய். ஆசிரியரிடம் கழிவறைக்குப் போக வேண்டும் என்று மலாயில் கேட்கப் பயந்து, ஓய்வு நேரம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் காலத்தில் பலர் புதுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்கே போனோம். இன்றைக்கு நீங்கள் பசார் மாலாமில் விலை பேசுகிறீர்கள், கிராப் ஓட்டுநருக்கு வழி சொல்கிறீர்கள், மலாய்த் தோழியோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிறீர்கள். அப்போது இலக்கணம் நினைவுக்கு வருகிறதா? வருவதில்லை. ஒருகாலத்தில் அந்த மொழியும் உங்களை நடுங்க வைத்ததுதான்.

அந்த நடுக்கம் எப்படிப் போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. யாரும் உங்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தவில்லை. கேன்டீனில் நாசி லெமாக் வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் ரப்பர் கேட்க வேண்டியிருந்தது. பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, இரண்டு மூன்று சொல்லாக, அவசரத்துக்குப் பேசினீர்கள். தப்பாகச் சொன்னாலும் ரப்பர் கைக்கு வந்தது. யாரும் மதிப்பெண் போடவில்லை. சௌரஸ்தா சந்தையில் நம்முடைய பெரியவர்கள் சிலர் பினாங்குச் சீனர்களின் ஹொக்கியன் மொழியில் பேரம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் யாரும் ஹொக்கியன் வகுப்புக்குப் போனவர்கள் இல்லை. தொனி தவறினால் மீன்காரர் சிரிப்பார், இவரும் சிரிப்பார், மீன் கைமாறிவிடும்.

ஆங்கிலத்துக்கு உங்களுக்கு அப்படி ஒரு சந்தை கிடைக்கவே இல்லை. பள்ளியில் ஆசிரியர் கேள்வி, தேர்வு அறை, நேர்காணல், இப்போது டுடோரியல், பிரசன்டேஷன். நீங்கள் ஆங்கிலத்தில் வாய் திறந்த நேரங்களை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் எதிரே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மொழியைத் தீர்ப்புச் சொல்பவர் முன்னால் மட்டுமே பேசிப் பழகினால், அந்த மொழியும் பயமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் நாக்கிலோ மூளையிலோ குறை இல்லை.

பள்ளிகளும் இதற்கு ஒரு காரணம். மூவெட் 1999-இல் தொடங்கியது. அதில் பல ஆண்டுகளாக வாசிப்புக்கு 40 விழுக்காடு, எழுத்துக்கு 30, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 15 என்றுதான் மதிப்பெண் பிரிந்திருந்தது. 15 விழுக்காட்டுக்காக யார் மெனக்கெடுவார்கள்? வாசிப்பையும் கட்டுரையையும் தேய்த்துத் தேய்த்துப் படிக்க வைத்தார்கள். பேச்சுப் பயிற்சி தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்கு ஒதுங்கிவிட்டது. 2021 முதல் நான்கு திறன்களுக்கும் தலா 25 விழுக்காடு என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் வகுப்பறைப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. நன்றாக எழுதியும் வாய் திறக்க முடியாத உங்களைப் போன்றவர்கள் அந்தப் பழக்கத்தின் விளைவு.

இனி இந்தப் பயத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைக் கொஞ்சம் பார்க்கலாம். உங்களுக்கு மட்டும் இப்படி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1983 கோடையில், அந்நிய மொழி வகுப்பு என்றாலே கலங்கும் மாணவர்களுக்காக ஓர் ஆதரவுக் குழு தொடங்கினார்கள். சேர விரும்பியவர்களில் 30 பேரைத்தான் எடுக்க முடிந்தது. அந்தப் பிள்ளைகள் சொன்னவற்றையும் சேர்த்து வைத்து எலெய்ன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோவான் கோப் மூவரும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கி 1986-இல் வெளியிட்டார்கள். மொழி வகுப்புப் பயத்தை அளக்க இன்றும் உலகெங்கும் அதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடம்பு நடுங்குகிறது, மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்றே தோன்றிக்கொண்டிருக்கிறது, நான் பேசினால் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்ற வகையில் இருக்கும் அந்தக் கூற்றுகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பிள்ளைகள் ஸ்பானிய வகுப்பில் உட்கார்ந்து சொன்னவை அவை. நீங்கள் யாரைப் பார்த்துக் கூசுகிறீர்களோ, அந்த ஆங்கிலக்காரருக்கும் வேறொரு மொழி என்று வந்தால் இதே தொண்டை அடைப்புதான்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு. மற்றப் பாடங்களில் தடுமாறினால் பாடம் தெரியவில்லை என்று மட்டும்தான் தோன்றும். மொழி வகுப்பில் தடுமாறும்போது நீங்களே சிறியவராகிவிட்டது போல இருக்கும். உங்களுக்கு வயது 20. தமிழில் உங்களால் வாதாட முடியும், ஆறுதல் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் அதே ஆள் நாலு சொல்லில் பேசும் சிறுபிள்ளை ஆகிவிடுகிறார். நான் உண்மையில் யார் என்பதை இவர்களுக்குக் காட்ட முடியவில்லையே என்ற வேதனை அது. இதை வெறும் கூச்சம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நிஜமான இழப்பு உணர்ச்சி.

தெரிந்த சொல் ஏன் மறக்கிறது என்று கேட்டீர்கள். பேசுவது என்பது ஒரே நேரத்தில் பல வேலை. என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும், சொல் தேட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், ஒலிக்க வேண்டும், சொன்னது சரியா என்று காது கொடுக்க வேண்டும். தாய்மொழியில் இதில் பெரும்பகுதி தானாக நடக்கும். புதிய மொழியில் ஒவ்வொன்றுக்கும் கவனம் தேவை. மனத்தில் ஒரு சமயத்தில் வைத்திருக்கக்கூடிய கவனம் கொஞ்சம்தான். அதில் பாதியை 'சிரிக்கிறார்களோ, முகம் சிவந்துவிட்டதோ' என்ற யோசனை எடுத்துக்கொண்டால் சொல் தேட இடம் எங்கே? கனடாவில் பீட்டர் மெக்கின்டயரும் ராபர்ட் கார்ட்னரும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய சொற்களைக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஒரு வீடியோ கேமராவைக் கொண்டுவந்து வைத்தார்கள். கேமரா வந்ததும் கற்பது தடுமாறியது. நேரம் கிடைத்தபோது சுதாரித்துக்கொண்டார்கள். உங்களுக்கு டுடோரியல் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது அந்தச் சொல் பளிச்சென்று ஞாபகம் வருகிறதல்லவா? சொல் உள்ளேயேதான் இருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் ஒரு வகுப்பில் பேசும்போது 'டிட்டர்மின்' என்று ஒலிக்க வேண்டிய சொல்லை 'டிட்டர்மைன்' என்றேன். விரிவுரையாளர் நிறுத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை. வகுப்பு சிரித்தது. அந்தப் பருவம் முழுக்க நான் பின்வரிசைக்குப் போய்விட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்து, அந்த வகுப்பில் இருந்த ஒரு தோழியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. அதே வகுப்பில் தான் செய்த ஒரு தப்பைப் பற்றி அவள் சொன்னாள். அது எனக்கு நினைவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தப்பை அத்தனை ஆண்டு சுமந்திருக்கிறோம்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டது. மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் அப்படியே வெளியே தெரிவதாக நினைக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அதில் கொஞ்சம்தான் தெரிகிறது. இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே சிலரிடம் விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் நானும் உங்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது.

சிலி நாட்டில் ஆங்கிலம் படித்த 8 மாணவர்களை வைத்து டாமி கிரெகர்சனும் ஹார்விட்ஸும் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. அவரவர் பேசிய காணொளியை அவரவருக்கே போட்டுக் காட்டினார்கள். பயம் குறைந்தவர்கள் தப்புகளைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயம் கூடியவர்கள் தப்புகளை இருந்ததைவிடப் பெரிதாகக் கண்டார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட அளவும் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம், குறிப்பாக வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பெண் பிள்ளைகளிடம், இதை நான் நிறையப் பார்க்கிறேன். எழுதும்போது அழித்துத் திருத்தலாம். அந்தச் சுத்தத்தைப் பேச்சிலும் எதிர்பார்க்கிறார்கள். பேச்சில் அழிப்பான் கிடையாது. ஆங்கிலேயர்கூடப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி வேறு வாக்கியம் தொடங்குகிறார்கள். கவனித்துக் கேளுங்கள், தெரியும்.

இன்னொன்றை மனம் வலிக்கத்தான் சொல்கிறேன். என் மாணவர்களிடம் "யார் முன்னால் ஆங்கிலம் பேச மிகவும் பயம்?" என்று தனியாகக் கேட்பேன். விரிவுரையாளர் என்று சிலர் சொல்வார்கள். சீன மாணவர்கள் என்று சிலர். ஆனால் நிறையப் பேர் தயங்கித் தயங்கிச் சொல்வது, "நம்ம பிள்ளைங்க முன்னாடிதான் டீச்சர்." மற்றவர்கள் ஆங்கிலம் பேசினால் நாம் கண்டுகொள்வதில்லை. நம்மில் ஒருத்தி பேசினால் 'வெள்ளைக்காரி ஆயிட்டா' என்கிறோம், தப்பாகப் பேசினால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். இரண்டு பக்கமும் அடி. ஒருவேளை இப்படிச் சிரிப்பவர்களும் அதே பயத்தில் இருப்பவர்கள்தானோ என்னவோ. காரணம் எதுவானாலும், இது நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. இதைப் படிக்கும் மற்றத் தம்பி தங்கைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் குழுவில் ஒருத்தி தட்டுத் தடுமாறிப் பேசும்போது தலையசைத்துக் கேளுங்கள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது.

சரி, இனி என்ன செய்வது?

முதலில், வகுப்புக்கு மட்டம் போடாதீர்கள். டுடோரியலுக்குப் போகாத நாளில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து. தப்பித்தால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த வாரம் பயம் இன்னும் கூடுகிறது. பின்வரிசையில் ஒளிந்திருந்த அந்த ஒரு பருவத்தில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

அடுத்து, உங்களுக்கு ஒரு சந்தை வேண்டும். மதிப்பெண் இல்லாத, சிறிய, அடிக்கடி நடக்கும் பேச்சு. பினாங்கில் இதற்குப் பஞ்சமே இல்லை. கைப்பேசிக் கடையில், கிளினிக் முகப்பில், சீன உணவுக் கடையில் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் கேளுங்கள். மீ கோரெங் வாங்கும்போது 'காரம் குறைவாக, பொட்டலம் கட்டிக் கொடுங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஊர். லிட்டில் இந்தியாவில் கையில் வரைபடத்தோடு முழிக்கும் பயணிகள் எந்நேரமும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. மாரியம்மன் கோவிலுக்கு வழி சொல்வது இரண்டு நிமிட வேலை. உங்கள் ஆய்வகத்திலேயே வெளிநாட்டு மாணவர் இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி, உங்களுக்கும் இரவல் மொழி, பேச்சு ஓடும். அங்கே நம்மூர் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் 'லா' போட்டுப் பேசினால்தான் என்ன? நண்பர்களோடு ஒரு விதம், பிரசன்டேஷனில் ஒரு விதம். தமிழிலும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்? நம்மூர் ஆங்கிலம் சரளத்துக்கு முதல் படி, அதைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

மூன்றாவது, நான் எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. கீத் மோரிஸ் என்பவர் 1983-இல் எழுதி, நியூசிலாந்தின் பால் நேஷன் பரவலாக்கிய முறை. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். முதல் ஆளிடம் 4 நிமிடம், இரண்டாம் ஆளிடம் அதையே 3 நிமிடம், மூன்றாம் ஆளிடம் 2 நிமிடம். முதல் தடவை தேடித் தேடிப் பேசுவீர்கள். இரண்டாவதில் தேடிய சொற்கள் கையருகே இருக்கும். மூன்றாவதில் வாய் தானாக ஓடும். உள்ளடக்கம் அதேதான் என்பதால் கவனம் முழுவதும் சொல்வதற்குக் கிடைக்கிறது. இன்றைய ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் மூன்று தடவை பதிவு செய்யுங்கள். வார இறுதியில் பட்டர்வொர்த்துக்கு பெர்ரி ஏறுகிறவராக இருந்தால், அக்கரை போய்ச் சேர்வதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். என் மாணவி ஒருத்தி ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் செய்தாள். பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால் நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

டுடோரியல் அறைக்குள் சில சின்ன வழிகள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள். நேரம் போகப் போகப் பாரம் ஏறும். பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது சுலபம், அதனால் முந்தின இரவே ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசன்டேஷனை முழுக்க எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். சின்னத் தாளில் ஐந்தாறு சொல் போதும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மேட்டில் வண்டி ஏறுவதற்குத் தள்ளிவிடுவது போல. சொல் வராமல் நின்றால் மௌனத்தில் மூழ்காமல் 'லெட் மீ புட் இட் அனதர் வே' என்று சொல்லிவிட்டு வேறு வழியாகப் போங்கள். அந்தச் சொல் மலாயில் தெரிந்தால் மலாயில் சொல்லி, ஆங்கிலத்தில் என்ன என்று கேளுங்கள். நம் நாட்டு வகுப்பறையில் யாருக்கும் அது புரியாமல் போகாது.

விரிவுரையாளரிடம் ஒரு தடவை தனியாகப் போய், "பேச முயல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுத்தால் பதில் சொல்லிவிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் உட்பட, பாதி வாக்கியத்தில் திருத்தும் பழக்கம் உள்ள ஆசிரியர்களுக்கு அது தேவையான நினைவூட்டல்.

இதில் ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ், லியோனோர் கான்ஷோ என்ற ஆய்வாளர்கள் 1990-களில் வேறு மாதிரி வாதிட்டார்கள். பயத்தால் மொழி வராமல் போவதைவிட, மொழி சரியாக வராததால்தான் பயம் வருகிறது என்றார்கள். அந்த விவாதம் நீண்ட நாள் ஓடியது. என் அனுபவத்தில் இரண்டும் உண்டு. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பாடத்தின் சொற்கள் போதாது. அவர்களிடம் மூச்சை இழுத்து விடு, தைரியமாக இரு என்று சொல்வதில் பயனில்லை, சொற்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்பதால் உங்களுக்கு ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எழுத்தில் மட்டும் பார்த்த சொற்களை வாயால் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எனக்கு அந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் 'டிட்டர்மின்' அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருக்காது.

இப்போது ஜப்பானிய மொழி. இதை விட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். ஆங்கில வகுப்பில் மற்றவர்கள் உங்களைவிடப் பத்து ஆண்டு முன்னால் ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஜப்பானிய வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறீர்கள். அதைவிட முக்கியமாக, தமிழ் தெரிந்தவருக்கு அங்கே ஒரு சாதகம் இருக்கிறது. 'வதாஷி வா சுஷி ஓ தபேமாஸ்' என்பதை அதே வரிசையில் தமிழில் சொல்லுங்கள்: நான் சுஷியைச் சாப்பிடுகிறேன். வினை கடைசியில். பெயருக்குப் பின்னால் வரும் 'ஓ' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. 'பினாங் நி இகிமாஸ்' என்றால் பினாங்குக்குப் போகிறேன். 'நி' நம் 'கு'. 'இகிமாஸ் கா' என்றால் போகிறீர்களா. நாம் கடைசியில் 'ஆ' போட்டுக் கேள்வி கேட்பதைப் போல அவர்கள் 'கா' போடுகிறார்கள். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அது அவர்கள் விவாதம். வாக்கிய வரிசை ஒத்துப்போகிறது என்பதில் சந்தேகமே இல்லை, உங்களுக்கு அது போதும்.

ஒலியிலும் அப்படித்தான். ஜப்பானிய மொழியில் 'ஒபசன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் திணறுவார்கள். குறில் நெடில் படித்த உங்களுக்கு அது விளையாட்டு. 'கிதே' என்றால் வந்து, 'கித்தே' என்றால் தபால்தலை. கனிக்கும் கன்னிக்கும் வேறுபாடு தெரிந்த காது இதைத் தவறவிடாது. தமிழ்ப்பள்ளியில் படித்தது பின்னடைவு என்று யாரோ உங்கள் மனத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று உங்கள் கேள்வியைப் படித்தபோது தோன்றியது. இந்த வகுப்பில் அந்தப் பள்ளிதான் உங்களுக்குக் கை கொடுக்கப் போகிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பயம் மொழி வகுப்போடு நிற்காமல், தமிழிலேகூட நாலு பேர் முன்னால் பேச முடியவில்லை, கேன்டீனில் தனியாகச் சாப்பிடவும் முடியவில்லை, வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை என்று இருந்தால், அது நான் சொல்லும் பயிற்சியால் தீராது. பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். மாதவிடாய் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதில் எப்படி வெட்கம் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

12-ஆவது வாரத்துக்கு வருவோம். இன்றிலிருந்து தினமும் மாலையில் உங்களைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஐந்து வாக்கியம் சத்தமாகச் சொல்லுங்கள். வகுப்பில் இன்னொருவரும் பயந்துகொண்டுதான் இருப்பார், தேடிப் பிடித்து வாரம் இருமுறை அவரோடு கேள்வி பதில் நடத்துங்கள். தேர்வில் கேள்வி புரியாவிட்டால் 'சுமிமாசென், மோ இச்சிதோ ஒனேகாய் ஷிமாஸ்' என்று கேளுங்கள். மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று பொருள். அதைக் கேட்பதும் மொழி தெரிந்ததற்கு அடையாளம்தான். யோசிக்க நேரம் வேண்டுமானால் ஜப்பானியர்களே 'ஏத்தோ...' என்று இழுப்பார்கள். நீங்களும் இழுக்கலாம். தேர்வு முடிந்ததும் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.